விருந்தாளி மண்வெட்டியைத் தொடக்கூடாது

1

மாசி பிறந்தால் நான் போலீஸ் ஆபீசுக்குப் போய் ஒரு முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டும். ஜெர்மனியில் பிழைக்க வந்த வெளிநாட்டார் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை இந்த மண்டகப்படி உண்டு. போன வாரம் மூன்றாவது தடவையாக வாங்கிக்கொண்டு வந்தேன். செஞ்சிப் பக்கத்தை விட்டு நான் கிளம்பி மூன்று வருஷம் ஆகிறது என்று அந்த முத்திரையைப் பார்த்துத்தான் எனக்கே நினைவு வந்தது.

அந்த ஆபீசில் ஒரு கிழவர் இருக்கிறார். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி என் விண்ணப்பப் பாரத்தில் எழுத்து எழுத்தாகப் பொறுக்குவார். முதல் வருஷம் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார். எங்களில் அப்படி ஒன்று கிடையாது என்றேன். குடும்பம் இருந்தால் பெயரும் இருந்தே தீரும் என்று அடித்துச் சொல்லிவிட்டு, எங்கள் நைனாவின் பெயரைப் பிடித்து அந்தக் கட்டத்தில் எழுதினார். அன்றைக்கு சகாயமேரி செத்தாள். இங்கே நான் செல்வி இருதயசாமி. எங்கள் அம்மா இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர் அது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கூடப் பக்கத்து வீட்டு அக்காளை விட்டுத்தான் அந்தப் பெயரைச் சாமியாரிடம் சொல்ல வைத்தாளாம். இங்கே ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு, "இருதயசாமி, நாலாம் படுக்கைக்கு மூத்திரச் சட்டி" என்று கத்துகிறார்கள்.

பாரத்தில் இன்னொரு கட்டம், வந்த நோக்கம். கிழவர் என்னைக் கேட்காமலே "பயிற்சி" என்று எழுதிக்கொண்டார். ஊரிலிருந்து வரும் கடிதங்களிலும் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "உனக்கு இன்னா குறைச்சல், சீமையில் இருக்கிறாய்" என்று எழுதுகிறார்கள். குறைச்சல் இருக்கிறதா இல்லையா என்று அப்புறம் பார்க்கலாம். நான் எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கட்டுவதற்கென்று ஜெர்மனியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். அதனால் என் படிப்பு போயிற்று. அதனால் இங்கே வந்தேன். சிரிக்காதீர்கள், நிஜம் அதுதான்.

2

நாலரை வருஷத்துக்கு முன்னால் நான் செஞ்சி ஹைஸ்கூலில் பதினொன்றாம் வகுப்பு, அதுதான் கடைசி வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு டீச்சர் ட்ரெயினிங் போவது என்று முடிவு. எங்கள் ஊரிலிருந்து அந்த வகுப்பு வரை படித்த ஒரே பெண் நான்தான். செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. ஒரு பஸ்ஸை விட்டால் நடைதான். அப்படி நடந்தும் ஓடியும் பத்து வகுப்பு தாண்டி வந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அறிவித்தார். ஜெர்மனியிலிருந்து எட்டு கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், ஆறு வாரம் இருந்து நம் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை தங்கள் கையாலேயே கட்டித் தருவார்கள், சத்திரம் சாவடி வேண்டாம், நம் வீடுகளிலேயே நம்மோடு நாமாகத் தங்குவார்கள் என்றார். ஊரே பூரித்துப் போயிற்று. கோயில் காரியம் எதுவானாலும் சாமியாருக்கு வலது கை எங்கள் நைனா. இரண்டு பெண்கள் எங்கள் வீட்டுக்கு என்று அவரே முதலில் கை தூக்கினார்.

"நம்மோடு நாமாக" என்ற பேச்செல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஓடு மாற்றினோம். ஊரிலேயே முதல் கக்கூஸ் எங்கள் கொல்லைப்புறத்தில் எழும்பியது. (அவர்கள் போன மறுநாளே அதில் எரு மூட்டை அடுக்கிவிட்டார்கள்.) நைனாவின் கட்டிலும் உள் அறையும் வந்த பெண்களுக்குப் போயிற்று. நைனா, அம்மா, அண்ணன் சின்னப்பன், நான், ஏழாவது படித்த தங்கச்சி லூர்து, ஐந்து பேரும் மாட்டுக்கொட்டாய்க்குப் போனோம். வந்தவர்களில் உர்சுலா என்பவள் நல்ல உயரம், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். மற்றவள் மோனிகா, வந்த நாள் முதல் வயிற்றுப்போக்கில் படுத்திருந்தாள்.

முதல் நாள் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்ட மோனிகா தவிர எல்லோரும் போனார்கள். உர்சுலா ஆர்வமாக ஒரு மண்வெட்டியை எடுத்து ஓங்கினாள். நைனா ஓடிப்போய் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீ போயி நெழல்ல குந்தும்மா. நாங்க இல்ல?"

அவளுக்கு என்ன புரிந்ததோ, மறுபடி வேறொரு மண்வெட்டியை எடுத்தாள். அதைச் சின்னப்பன் வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் மற்ற மாணவர்கள் கையிலிருந்தும் அந்தந்த வீட்டு ஆம்பிளைகள் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். வந்த விருந்தாளி வேலை செய்ய, வீட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா? எங்கள் பக்கத்தில் அதைவிடக் கேவலம் கிடையாது. மறுநாள் விருந்தாளிகள் எழுந்திருப்பதற்குள் மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றையும் ஆம்பிளைகளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் வேலை செய்ய வந்தவர்கள் என்று சாமியார் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"அவங்க மனசுக்கு அவங்க வர்றாங்க சாமி. நம்ம மொறைய நாம செய்யணும் இல்ல?" என்றார் நைனா. அதோடு சாமியாரும் விட்டுவிட்டார்.

ஆக, பள்ளிக்கூடம் கட்ட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். கிதார் வாசித்தார்கள். கொத்தனார் இரக்கப்பட்டு நூல் முனையைப் பிடிக்கக் கொடுத்தார். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பது போலத்தான். கடைக்கால் தோண்டியது, கல் சுமந்தது, மண் குழைத்தது எல்லாம் எங்கள் ஆட்கள்.

3

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். புரட்டாசியில் ஒரு நல்ல மழை விழுந்தது. மல்லாட்டை முற்றியிருந்தது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். காய விட்டால் காம்பு அறுந்து காய் மண்ணுக்குள்ளேயே தங்கும். அடுத்த மழைக்கு நின்றால் முளை விட்டுவிடும். வேர்க்கடலை என்று டப்பாவில் வாங்கித் தின்கிற பட்டணத்துக்காரர்களுக்கு இது தெரியாது. எங்கள் பக்கத்தில் அந்தப் பத்து நாள் வீட்டில் பிணம் விழுந்தால்கூடச் சீக்கிரம் எடுத்துவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போவார்கள்.

நைனாவும் சின்னப்பனும் கடைக்காலில் நின்றார்கள். கூலியாட்கள் எல்லாக் கொல்லையிலும் ஒரே வாரத்தில் வேண்டும், எங்களுக்கு ரெண்டு பேர்கூட அகப்படவில்லை. மிச்சம் அம்மாவும் நானும். விடிந்ததும் விருந்தாளிகளுக்குக் காபி, இட்லி, வெந்நீர். பிறகு கொல்லை. மத்தியானம் வந்து அவர்களுக்குச் சோறு. மறுபடி கொல்லை.

"ரெண்டு நாளைக்கு லீவு போடுடி" என்றாள் அம்மா. காய்ச்சல் என்று எழுதி லூர்துவின் கையில் கொடுத்தனுப்பினேன். அந்த ரெண்டு நாள் ஆறு வாரமாக நீண்டது.

ஒருநாள் உர்சுலா என்னைப் பார்த்து இங்கிலீஷில், "உனக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டாள். நான் பளிச்சென்று, "எங்களுக்கு லீவு" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவள் கேட்கத்தான் கேட்டாள். பொய் சொன்னது நான். வீட்டுக் கஷ்டத்தை விருந்தாளி காதில் போடக்கூடாது என்று பால் குடிக்கும்போதே புகட்டிவிட்டார்கள். லீவு என்றதும் அவளுக்குச் சந்தோஷம். அப்படியானால் ஊர் சுற்றிப் பார்க்க நீயும் எங்களோடு வா என்றாள்.

வேலைதான் செய்யவிடவில்லையே, அவர்களும் என்ன செய்வார்கள், கலாச்சாரம் பார்க்கக் கிளம்பினார்கள். சீயமங்கலத்துக் குகைக் கோயிலைப் பார்த்தார்கள். தூண் தூணாக அளந்து நோட்டில் எழுதினார்கள். மேல்சித்தாமூரில் சமண மடத்தைப் பார்த்தார்கள். அங்கே மல்லாட்டை வியாபாரம் செய்கிற சமண நயினார் ஒருவர் நைனாவுக்குப் பழக்கம். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். அதனால் வந்தவர்களை வெளிச்சம் இருக்கும்போதே உட்கார வைத்து, இலை நிறையப் போட்டு, திணறத் திணறச் சாப்பிட வைத்து அனுப்பினார்கள். இங்கே வந்தால் அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். உர்சுலா வேண்டாமென்று வயிற்றைத் தடவிக் காட்டினாள். "நம்ம ஊட்டுச் சோறு எறங்கலியா?" என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து உர்சுலா உட்கார்ந்து இரண்டாவது தரமும் சாப்பிட்டாள். மறுநாள் மோனிகாவுக்குப் பக்கத்துப் பாயில் அவளும் படுத்தாள். அதற்கும் வெந்நீர் வைத்தது நான்தான்.

கடைசியில் கோட்டை. பெண்பிள்ளைகள் துணையில்லாமல் மலை ஏறக்கூடாது என்று நைனா என்னை அனுப்பினார். சாப்பாட்டுக் கூடை என் தலையில், தண்ணீர்க் குடம் இடுப்பில். துணை என்றால் இதுதான் அர்த்தம். பஸ்ஸை விட்டு இறங்கி, கோட்டைக்குப் போகிற வழியில் எங்கள் ஹைஸ்கூலைத் தாண்ட வேண்டும். முதல் மணி அடித்த நேரம். என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கணக்கு டீச்சர் வெளியே வந்தார்.

"இன்னா சகாயம், காய்ச்சல்னு எழுதியிருந்த? காய்ச்சலோட கோட்டை ஏறப் போறியா?"

நான் தலையைக் குனிந்தேன், கூடை சரிந்தது. டீச்சர் கிட்டே வந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒரு வாரம் நீ வரலன்னா அட்டெண்டன்ஸ் போயிடும். உன்னப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. வெளையாட்டு இல்ல, புரியுதா?" என்றார்.

உர்சுலா ஓடி வந்து எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தாள். டீச்சருக்குக் கோபம், எனக்கு அழுகை. அந்தப் போட்டோவில் இரண்டும் இருக்கிறது. ராஜகிரி உச்சி வரைக்கும் அவர்கள் பின்னாலேயே ஏறினேன். மேலே நின்று எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். எவன் கட்டினான், எவன் பிடித்தான் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சர் சொன்ன அந்த ஒரு வாரம்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "விருந்தாளிங்க போவட்டும். நான் வந்து ஹெட்மாஸ்டர் கால்ல உழறேன்" என்றார். "நாளைக்கே போறேன், அவங்களுக்கு அம்மா சோறு போடட்டும்" என்றேன். "அப்ப கொல்லைய யாரு பார்க்கறது? இல்ல, நான் மம்முட்டிய அவங்க கையில குடுத்துட்டு வந்துரட்டுமா?" என்றார். அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் பேசமுடியாது. மறுநாளும் கொல்லைக்குத்தான் போனேன்.

4

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறை எழும்பியது. கல்வெட்டில் ஜெர்மன் மாணவர்கள் கட்டியது என்று போட்டார்கள். மாலை மரியாதையோடு அவர்களைப் பஸ் ஏற்றினோம். உர்சுலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன், ஏன் அழுதேன் என்று அவளுக்குத் தெரியாது.

மறுநாள் நைனா சொன்னபடியே ஹெட்மாஸ்டரிடம் போனார். சொன்னபடியே காலிலும் விழுந்தார். அவர் நல்ல மனுஷன், எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்து, சட்டத்தை எடுத்துக் காட்டினார். என்னை நிறுத்திவிட்டார்கள். பாதி மல்லாட்டை அடுத்த மழைக்கு மண்ணுக்குள்ளேயே முளைத்துக்கொண்டது. "வயசுப் பொண்ணு இன்னும் ஒரு வருஷம் பஸ்ஸுல போயி வர்றதா?" என்று ஊர் கேட்டது. ஊர்தானே, கேட்கும். நைனாவும் கேட்டார்.

ஒரு வருஷத்துக்குமேல் வீட்டில் சும்மா கிடந்தேன். அப்புறம் சாமியாருக்கு உர்சுலாவிடமிருந்து கடிதம். ஜெர்மன் ஆஸ்பத்திரிகளுக்கு உதவிப் பெண்கள் தேவை, பத்தாவது படித்திருந்தால் போதும், சகாயமேரியைப் பரிந்துரைத்திருக்கிறேன் என்று. எல்லோரும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கண்ணைக் குத்திய கையே களிம்பும் கொண்டுவந்தது என்று நான் சொன்னேன். அம்மா என் வாயில் அடித்தாள்.

5

இங்கே நான் செய்யும் பயிற்சி என்ன என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிழவிகளைக் குளிப்பாட்டுவேன். சட்டி கழுவுவேன். படுக்கை விரிப்பேன். நர்ஸ் படிப்புக்குப் பள்ளி முடித்த சர்டிபிகேட் வேண்டும், அது என்னிடம் இல்லை என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். ஜெர்மன் பேச்சிலும் நம்மைப் போல நீ, நீங்கள் இருக்கிறது. முதல் மாதம் தலைமை நர்ஸம்மாவை நீ என்று கூப்பிட்டுவிட்டேன், மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் எண்பது வயசுக் கிழவர் என்னை நீ என்றால் அது பாசமாம். என்ன பாசமோ.

உர்சுலா இதே ஊர்தான். இப்போது கல்யாணம் ஆகி, ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆமாம், டீச்சர். மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டுக் கேக்கும் காபியும் தருவாள். நல்லவள். அதுதான் கஷ்டம், கெட்டவளாக இருந்தால் மனம் விட்டுத் திட்டலாம். கேக்குக்கு நடுவில் சுவரில் படம் காட்டுவாள். நைனா மண்வெட்டியோடு நிற்கிற படம் வந்தால், "எங்களைப் பார்த்து உங்கள் அப்பாவும் எப்படி உற்சாகமாக வேலையில் இறங்கினார் பார்" என்பாள். நானும் டீச்சரும் நிற்கிற படம் வந்தால், "உன் லீவு நாட்கள்" என்பாள். நான் கேக்கை வாயில் போட்டு அடைத்துக்கொள்வேன்.

6

போன ஆனியில் லூர்துவிடமிருந்து கடிதம் வந்தது. அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. வகுப்பில் கணக்கில் முதல். எனக்கு விட்டுப்போனதை அவள் எட்டிப் பிடிப்பாள் என்று நான் இருந்தேன். எழுதியிருந்தாள்:

"அக்கா, புரட்டாசியில் மறுபடியும் அவுங்க வர்றாங்களாம். இந்த வாட்டி பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். நைனா நம்ம ஊட்டுக்கு நாலு பேருன்னு சொல்லிட்டார். அண்ணன்தான் நெய்வேலிக்கு வேலைக்குப் போயிட்டானே, எப்படி சமாளிக்கறதுன்னு அம்மா பொலம்புது. மல்லாட்டையும் அப்பதான் பிடுங்கணும்."

நைனாவுக்கு அன்றைக்கே எழுதினேன், அவர்களை வர வேண்டாமென்று சொல்லுங்கள், லூர்துவின் வருஷம் போய்விடும் என்று. பதில் இரண்டு வரி. "ஊட்டுக்கு வரேன்னு சொல்றவங்கள வராதன்னு சொல்ற வழக்கம் நம்ம வம்சத்துல இல்ல. நீ சீமைக்குப் போயி இதத்தான் கத்துக்கினியா?"

சரி, அந்தப் பக்கம் கதவு சாத்தியாயிற்று, இந்தப் பக்கத்தில் மறிப்போம் என்று முடிவு செய்தேன். போகிற மாணவர்களுக்கு இங்கே கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். இந்தத் தடவை உர்சுலாதான் தலைவி. ஊர்ப் பழக்க வழக்கங்களைப் பற்றிப் பேச என்னையும் கூப்பிட்டிருந்தாள். சேலை கட்டி வரச் சொன்னாள். கட்டிக்கொண்டு போனேன். வலது கையால் சாப்பிட வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும் என்று நான் ஏதாவது சொல்வேன் என்று பன்னிரண்டு பேர் நோட்டை விரித்து வைத்திருந்தார்கள்.

நான் தெரிந்த ஜெர்மனில் நின்றபடி சொன்னேன்: "போன தடவை நீங்கள் யாரும் வேலை செய்யவில்லை. எங்கள் அப்பாக்கள் செய்தார்கள். எங்கள் அப்பாக்களின் வேலையை நாங்கள் செய்தோம். எனக்கு லீவு இல்லை. அந்த ஆறு வாரத்தில் என் படிப்பு போயிற்று. இப்போது அதே வகுப்பில் என் தங்கை இருக்கிறாள். தை மாதம் போங்கள், அப்போது கொல்லையில் வேலை இல்லை. அல்லது போகாதீர்கள். போனாலும் எங்கள் வீட்டில் தங்காதீர்கள்."

தை மாதம் தங்களுக்கு வகுப்பு இருக்கிறது என்று ஒரு மாணவன் மெதுவாகச் சொன்னான். பார்த்தீர்களா, அவர்களுக்கு வகுப்பு இருக்கிறது. உர்சுலாவின் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் எங்களிடம் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சேலைத் தலைப்பை அவளிடம் நீட்டினேன்.

ஆனால் அவள் அழுவதோடு நிற்கிறவள் இல்லை. அங்கேயே முடிவு எடுத்தார்கள். யார் வீட்டிலும் தங்குவதில்லை, பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூடாரம் அடித்துக்கொள்வது. தாங்களே சமைத்துக்கொள்வது. மண்வெட்டிகளைக்கூட இங்கிருந்தே கொண்டுபோவது, அப்போதுதான் யாரும் பிடுங்கமாட்டார்களாம். நான் வீட்டுக்கு வந்து, பிழைத்தாய் போ என்று லூர்துவுக்கு எழுதிப் போட்டேன். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

7

ஐப்பசியில் லூர்துவின் கடிதம் வந்தது. அப்படியே தருகிறேன்:

"அக்கா, அவுங்க வந்து கூடாரம் போட்டாங்க. யாரு ஊட்டுலயும் தண்ணிகூட குடிக்கல. மூணு நாளு நைனா வெளிய தலை காட்டல. இருதயசாமி ஊட்டுச் சோறு சீமைக்காரங்களுக்குப் பிடிக்கலியாம், பெத்த பொண்ணே அங்கேருந்து வேணாம்னு சொல்லி அனுப்பிச்சாளாம்னு ஊர்ல பேச்சு. சாமியாரு ஊட்டு வேலைக்காரி வாயில இருந்து எல்லாம் வெளிய வந்துடுச்சி. நாலாம் நாளு நைனா போயி உர்சுலா அக்கா முன்னால கைய கூப்பிக்கினு நின்னாரு. நாங்க இன்னா தப்பு பண்ணோம்னு அழுதாரு. நைனா அழுது நான் பார்த்ததே இல்ல. அவுங்க எல்லாரும் பயந்து போயி கூடாரத்தப் பிரிச்சிட்டாங்க. இப்ப பன்னண்டு பேருக்கும் நம்ம ஊட்டுலதான் சாப்பாடு. நீ சொன்னது பொய்யின்னு ஊருக்குக் காட்டணுமாம் நைனாவுக்கு. மண்வெட்டியும் நைனா கையிலதான் இருக்குது. ஜெர்மன் மண்வெட்டி நல்லா வெட்டுதாம். நான் லீவு போட்டிருக்கேன் அக்கா. காய்ச்சல்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ கவலைப்படாத."

நான் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் லூர்து நாலு பேருக்குச் சமைத்துவிட்டு, முன்னே பின்னே சில நாளாவது பள்ளிக்கூடம் போயிருப்பாள். பெரிய புத்திசாலி, கூட்டத்தில் நின்று முழங்கிய செல்வி இருதயசாமி, நாலைப் பன்னிரண்டாக்கி அனுப்பினேன்.

அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவர்களுக்குப் பிறத்தியாருக்கு உதவி செய்தால்தான் தூக்கம் வரும். எங்களுக்கு அவர்களை உதவி செய்யவிடாமல் இருந்தால்தான் மானம். இரண்டு பேரும் நல்லவர்கள். நடுவில் ஒரு பெண்ணின் படிப்பு போனால் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். லூர்துவையும் நிறுத்திவிட்டார்கள். இந்தத் தரம் நைனா ஹெட்மாஸ்டரிடம் போகக்கூட இல்லை.

8

தை கடைசியில் உர்சுலா ஆஸ்பத்திரிக்கே என்னைத் தேடி வந்தாள். கையில் பூங்கொத்து. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"உன்னிடம் நான் பட்ட கடனைத் தீர்த்துவிட்டேன்" என்றாள். "தலைமை நர்ஸம்மாவிடம் பேசினேன். பாதிரியாரிடம் பேசினேன். உன் தங்கைக்கும் இங்கேயே இடம் வாங்கிவிட்டேன். பத்தாவது போதும். இனி நீ தனியாக இருக்க வேண்டாம்."

கூட வேலை செய்கிற பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நைனாவிடமிருந்து ஏற்கெனவே சம்மதக் கடிதம் வந்திருந்தது. அதை உர்சுலா எடுத்துக் காட்டினாள். கோணல் எழுத்தில் அவரே எழுதியிருந்தார், தாங்கள் எங்கள் குடும்பத்துக்குச் செய்யும் உபகாரத்தை ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டோம் என்று. கேட்டால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். இத்தனைக்கும் அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ரொம்ப நன்றி." அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

போன வாரம் போலீஸ் ஆபீசில் முத்திரை குத்திய கிழவரிடம் லூர்துவுக்கென்று இரண்டாவது பாரமும் வாங்கினேன். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவர் என்னைக் கேட்கவே இல்லை, இருதயசாமி என்று எழுதினார். நான் விடுதிக்குத் திரும்பியபோது, என் அறையில் ஜன்னல் ஓரத்து நாற்காலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கட்டிலைப் போட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்பை இறுக்கி, நாலு மூலையும் மடித்து, நானே விரித்தேன்.